27 அவுட்டை யார் எடுப்பது?

அன்புள்ள நிலா,

டெட்ராய்ட்டில் 6.40க்கு ஆட்டம் தொடங்கும்போது சியாட்டிலில் மணி 3.40. நீ ஆபீஸில் இருப்பாய். அதற்காக நம் பேஸ்பால் அணி டைகர்ஸைக் கைவிட வேண்டாம். பேட்டிங்கைக் கண்ணால் பார்த்தால்தான் சுகம். பிட்சிங் (பந்து எறிவது) அப்படியில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு பத்து நிமிடம் பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டத்தின் எண் சுருக்கம்) படித்தாலே அணி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தாயே, எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

ஜெயித்தார்களா தோற்றார்களா என்பதை உன் அப்பா பார்த்துக்கொள்வார். நீ பார்க்க வேண்டியது இரண்டு: இன்றைய 27 அவுட்டை (ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று) எந்தெந்த பிட்சர்கள் எடுத்தார்கள், நாளைக்கு யார் மிச்சம். ஆறு மாதத்தில் 162 ஆட்டம். அணியில் 26 பேர், அதில் பிட்சர்கள் 13 பேரைத் தாண்டக்கூடாது. கிரிக்கெட்டில் ஒரு ஸ்பெல் முடித்த பவுலரைக் கடைசியில் திரும்ப அழைக்கலாம். இங்கே வெளியே போன பிட்சர் அன்றைக்கு அவ்வளவுதான். 2020லிருந்து இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: உள்ளே வருபவர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்கு வீச வேண்டும், இல்லையென்றால் அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ஆகவே மேனேஜர் ஹிஞ்ச் புல்பென்னுக்கு (மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) போன் செய்யும் ஒவ்வொரு முறையும் கையிருப்பில் ஒன்று குறைகிறது. அந்தக் கையிருப்பைத்தான் நீ சீசன் முழுக்கக் கணக்கு வைக்கப் போகிறாய்.

பாக்ஸ் ஸ்கோரில் இன்னிங்ஸ் பத்தியில் 5.1 என்று இருந்தால் தசமமாகப் படிக்காதே. ஐந்து இன்னிங்ஸ் முடித்து இன்னும் ஒரு அவுட் என்று பொருள். 5.2ஐயும் 0.2ஐயும் எக்செலில் அப்படியே கூட்டினால் 5.4 என்று காட்டும். சரியான விடை 6.1. எல்லாவற்றையும் அவுட்டாக மாற்றி எழுதிவிட்டால் தொல்லையில்லை: 17, 2, மொத்தம் 19.

அடுத்து பந்துகளின் எண்ணிக்கை. 94-61 என்றால் 94 பந்து, அதில் 61 ஸ்ட்ரைக், அதாவது எல்லைக்குள் போனவை அல்லது பேட்டர் மட்டையை வீசியவை. மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவது சாதாரணம். 60 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால், ஒரு ரன்கூடக் கொடுக்காவிட்டாலும் அன்று கை சொன்னபடி கேட்கவில்லை என்று குறித்துக்கொள். இன்னிங்ஸுக்கு 15, 16 பந்து ஆவது வழக்கம். ஒரே இன்னிங்ஸில் 30 தாண்டினால் அந்தக் கைக்கு அது கெட்ட இரவு. ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டருக்கு ஐந்தாறு நாள் கழித்துத்தான் அடுத்த முறை. நடுவில் வரும் மாற்று பிட்சரான ரிலீவருக்கு அது நாளைக்கே இருக்கலாம்.

அதனால் ரிலீவர்களுக்குத் தனியாக ஒரு தாள் போடு. இடப்பக்கம் எட்டுப் பெயர், மேலே தேதி, கட்டத்துக்குள் எறிந்த பந்துகள் மட்டும். மூன்று நாள் கட்டங்களைச் சேர்த்துப் பார். தொடர்ந்து இரண்டு நாள் வீசியவர் மூன்றாம் நாள் பெரும்பாலும் வரமாட்டார். ஒரே நாளில் 25, 30 பந்து போட்டவருக்கு மறுநாள் ஓய்வு. இது சட்டமில்லை, அக்டோபரில், சீசனுக்குப் பிந்தைய பிளேஆஃப் சுற்றில், எல்லாம் மீறப்படும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பெரும்பாலும் பிசகாது. எட்டு பேரில் மூன்று பேர் மட்டுமே மிச்சம் இருக்கும் நாளில் ஏழாவது இன்னிங்ஸில் ஏன் அறிமுகமில்லாத ஒருவர் வந்து நிற்கிறார் என்று ரசிகர்கள் கத்துவார்கள். உன் தாளில் காரணம் இருக்கும்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. புல்பென்னில் எழுந்து சூடேற்றிவிட்டு, கூப்பிடாமலே உட்கார்ந்தவரின் பந்துகள் எந்த பாக்ஸ் ஸ்கோரிலும் வராது. கைக்கு அதுவும் உழைப்புதான். அதற்கு வானொலியைக் கேள். டைகர்ஸ் வானொலியில் டான் டிக்கர்சன் யார் எழுந்தார், யார் உட்கார்ந்தார் என்று சொல்லிக்கொண்டே போவார். வேலை செய்தபடி ஒரு காதில் போட்டுக்கொள்ளலாம்.

இனி இ.ஆர்.ஏ. கொடுத்த ரன்களை (பிழையால் வந்தவை நீங்கலாக) 9ஆல் பெருக்கி இன்னிங்ஸால் வகுத்தால் வருவது. டைகர்ஸின் முதன்மை ஸ்டார்ட்டர் ஸ்கூபல் 2024இல் 192 இன்னிங்ஸில் 51 ரன், 2.39. ஸ்டார்ட்டருக்கு, அதுவும் ஆகஸ்டுக்குப் பிறகு, இது நம்பத்தகுந்த எண். ரிலீவருக்கு ஏமாற்றுக்காரன். 20 இன்னிங்ஸில் 5 ரன் கொடுத்தவரின் இ.ஆர்.ஏ. 2.25. ஒரே ஒரு இரவு ஒரு அவுட் மட்டும் எடுத்து 5 ரன் கொடுத்தால் அது 4.43 ஆகிவிடும். ஆள் மாறவில்லை, எண் இரட்டிப்பாகிவிட்டது.

இன்னும் மோசம், முந்தையவர் பேஸில் விட்டுப்போன ரன்னர்கள். அவர்களை உள்ளே விட்டவர் கணக்கில் அந்த ரன் ஏறாது. விட்டுப்போனவர் தலையில் விழும். பாக்ஸ் ஸ்கோரின் அடியில் ‘பெற்ற ரன்னர்கள் - ரன் ஆனவர்கள்’ என்று 2-0, 3-2 போல ஒரு வரி இருக்கும். இ.ஆர்.ஏ. 1.80 வைத்துக்கொண்டு அந்த வரியில் மாதம் முழுக்க 2-2, 1-1 என்று காட்டுகிறவரை நம்பாதே. பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் பேஸில் சும்மா கொண்டுவந்து நிறுத்தும் ரன்னர் ஓடிவந்தாலும் பிட்சரின் இ.ஆர்.ஏ.வில் சேராது.

ஏப்ரல், மே மாதங்களில் இ.ஆர்.ஏ.வை மூடிவைத்துவிட்டு வேறொன்றைப் பார். சந்தித்த பேட்டர்களில் எத்தனை சதவீதம் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்), எத்தனை சதவீதம் வாக் (எல்லைக்கு வெளியே நான்கு பந்து போட்டு முதல் பேஸை இலவசமாகக் கொடுப்பது), இரண்டுக்கும் வித்தியாசம். ஃபீல்டர், காற்று, அதிர்ஷ்டம் எதுவும் இதில் கை வைக்க முடியாது. ஸ்கூபல் 2024இல் 228 ஸ்ட்ரைக்அவுட், 35 வாக். வித்தியாசம் 25க்கும் மேல். அது உச்சம். 15 வந்தாலே நல்ல ஸ்டார்ட்டர். 10க்குக் கீழே இருந்தும் இ.ஆர்.ஏ. அழகாக இருக்கிறது என்றால், டைகர்ஸின் மைதானமான கொமெரிக்கா பார்க்கின் பெரிய சென்டர் ஃபீல்டுக்கு நன்றி சொல்லிவிட்டுக் காத்திரு. ஜூலைக்குள் பெரும்பாலும் சாயம் வெளுத்துவிடும். சிங்கர் (கீழே தாழும்) வகை பந்தில் தரையடி வாங்கிப் பிழைக்கிறவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்கு ஸ்ட்ரைக்அவுட் குறைவாகத்தான் இருக்கும்; பந்து தரையில் போகிறதா என்று பார்த்தால் போதும்.

இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க 2024ஐ எடுத்துக்கொள். ஆகஸ்ட் 10 அன்று டைகர்ஸ் 55 வெற்றி, 63 தோல்வி. ஜூலை 30ஆம் தேதியே ஸ்டார்ட்டர் ஃப்ளாஹெர்டியை டாட்ஜர்ஸ் அணிக்குக் கொடுத்தாகிவிட்டது. காயங்கள் வேறு. உருப்படியாக முழு ஆட்டம் நம்பிக் கொடுக்க ஸ்கூபல் ஒருவர். மிச்ச 44 ஆட்டத்தில் 31 ஜெயித்து பிளேஆஃபுக்குப் போனார்கள். ஹிஞ்ச் இந்த முறைக்கு ‘பிட்சிங் கேயாஸ்’ என்று பெயர் வைத்தார். பெயரில்தான் குழப்பம். உள்ளே ஒழுங்கான கணக்கு.

ஒரு ஸ்டார்ட்டரை அதே பேட்டர் மூன்றாம் முறை சந்திக்கும்போது நன்றாக அடிக்கிறார். பந்துகளைப் பார்த்துப் பழகிவிடுகிறார், பிட்சரும் களைத்திருப்பார். பேஸ்பாலில் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் காணும் விஷயம் இது. சுமாரான பிட்சரை முதல் இன்னிங்ஸில் நிறுத்தினால், எதிரணியின் சிறந்த நால்வரை ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸில் மூன்றாம் முறையாகச் சந்திப்பார். அதைத் தவிர்க்க, முதல் இன்னிங்ஸுக்கு மட்டும் ஒரு ரிலீவரை ஓப்பனராக அனுப்புகிறார்கள். அவர் வரிசையின் மேல்பகுதியை முடித்துவிட்டுப் போவார். பிறகு நீண்ட நேரம் வீசப்போகிறவர் ஐந்தாம் ஆறாம் பேட்டரிலிருந்து தொடங்கினால், சிறந்த நால்வரை இரண்டு முறை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம்.

இதற்கு மேல் கைக்கணக்கு. பிரீஸ்கி வலக்கை பிட்சர், அவர் ஓப்பனர் என்று அறிவித்ததும் எதிரணி இடக்கை பேட்டர்களை நிரப்பும். இரண்டாவது இன்னிங்ஸில் இடக்கை ஹர்ட்டர் வந்து நிற்பார். எதிரணி மேனேஜர் அப்போதே மாற்று பேட்டர்களை இறக்கி பெஞ்சைக் காலி செய்ய வேண்டும், அல்லது பொறுத்துக்கொள்ள வேண்டும். ஓப்பனராகவும் எட்டாவது இன்னிங்ஸிலும் எங்கே கூப்பிட்டாலும் வந்த டைலர் ஹால்டன் அந்த ஆண்டு 94.1 இன்னிங்ஸில் 2.19. அரிசோனா வேண்டாமென்று விட்ட ஆள். சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது) எண்ணிக்கையை வைத்துப் பார்த்திருந்தால் அவர் யாருடைய கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்.

ஆனால் ஓப்பனர் நாளுக்கு விலை உண்டு. நான்கைந்து ரிலீவர்கள் செலவாவார்கள். இதைத் தொடர்ந்து மூன்று நாள் செய்ய முடியாது. அந்த விலையை யார் கட்டுகிறார்? ஸ்கூபல். அவர் ஏழு இன்னிங்ஸ் வீசும் நாள்தான் புல்பென்னின் ஓய்வு நாள். ஆகவே அவருடைய ஆட்டத்தைத் தனியாகப் பார்க்காதே. உன் தாளில் அதற்கு முந்தைய இரண்டு நாளையும் பிந்தைய இரண்டு நாளையும் சேர்த்துப் பார். 2025 மே 25 அன்று கிளீவ்லண்டுக்கு எதிராக 94 பந்தில் முழு ஆட்டத்தையும் முடித்தார். 13 ஸ்ட்ரைக்அவுட், ரன் இல்லை, கடைசிப் பந்து 102.6 மைல். எல்லோரும் அந்த வேகத்தைப் பற்றியே பேசினார்கள். புல்பென்னில் எட்டு கட்டமும் பூஜ்யம் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

டைகர்ஸின் கீழ்நிலை அணி இருக்கும் டொலீடோ இங்கிருந்து ஒரு மணி நேரம். நேற்று 60 பந்து வீசி அணியைக் காப்பாற்றிய இளைஞன் இன்று காலை அங்கே அனுப்பப்பட்டான் என்று செய்தி வந்தால் கோபப்படாதே. அவன் கை மூன்று நான்கு நாளைக்கு உதவாது, 13 இடத்தில் ஒன்றை வீணாக்க முடியாது, அவ்வளவுதான். அப்படிப் போகும் பிட்சர், காயமடைந்த ஒருவருக்குப் பதிலாக அழைக்கப்பட்டால் தவிர, 15 நாள் திரும்ப முடியாது. போன தேதியைத் தாளில் எழுதிவை. எப்போது வருவான் என்று நீயே சொல்லிவிடலாம்.

காயம் பற்றியும் சொல்கிறேன். பேஸ்பால் சேவன்ட் தளத்தில் ஒவ்வொரு பந்தின் வேகமும் இலவசமாகக் கிடைக்கும். ஃபாஸ்ட்பாலின் சராசரியை அதே பிட்சரின் போன வருஷத்து அதே மாதத்தோடு ஒப்பிடு. ஜூலையோடு ஒப்பிட்டால் ஏப்ரல் குளிரில் எல்லோருமே நோயாளியாகத் தெரிவார்கள். தொடர்ந்து இரண்டு ஆட்டம் ஒன்றரை மைலுக்கு மேல் குறைந்து, பந்தை விடும் உயரமும் இறங்கியிருந்தால் ஏதோ இருக்கிறது. ஃபாஸ்ட்பாலுக்கும் சேஞ்சப்புக்கும் (அதே கைவீச்சில் வரும் மெதுவான பந்து) உள்ள வேக இடைவெளியையும் பார். ஸ்கூபலுக்கு அது பத்து மைலை ஒட்டி இருக்கும். சேஞ்சப் வேகம் அப்படியே நிற்க ஃபாஸ்ட்பால் மட்டும் இறங்கினால் பேட்டர் ஏமாறமாட்டார்.

அறிக்கையில் முதுகு, தொடை என்றால் பெரும்பாலும் சில வாரம். முன்கை இறுக்கம் என்றால் எனக்கு வயிற்றில் புளி கரைக்கும். முழங்கைத் தசைநார் பழுதுக்கு அதுதான் பலமுறை முதல் அறிகுறி. அந்தத் தசைநாரை மாற்றும் டாமி ஜான் அறுவை சிகிச்சை என்றால் ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம். 2025 ஜூனில் டைகர்ஸ் பிட்சர் ஜாக்சன் ஜோபுக்கு அதுதான் நடந்தது. அந்த அறுவை சிகிச்சையை 1974இல் முதன்முதலில் செய்த மருத்துவரின் பெயரும் ஜோப்!

செப்டம்பரில் அணி 28 பேராகும், பிட்சர்கள் 14 வரை. கூடுதல் கை ஒன்றுதான், அதை நம்பி இருக்காதே. 2025இல் ஜூலையில் கிளீவ்லண்டைவிட 15.5 ஆட்டம் முன்னால் இருந்த அணி டிவிஷன் முதலிடத்தைக் கோட்டைவிட்டது. பிளேஆஃபில் சும்மா நிறுத்தும் அந்த இரண்டாம் பேஸ் ரன்னர் கிடையாது என்பதையும் நினைவில் வை. அந்த அக்டோபர் 10 அன்று உன் ஊரில், சியாட்டில் அணிக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில், ஸ்கூபல் 6 இன்னிங்ஸில் 13 ஸ்ட்ரைக்அவுட் எடுத்துவிட்டு 99 பந்தில் இறங்கினார். 2-1 என முன்னிலை. ஏழாவது இன்னிங்ஸிலேயே சமன். அங்கிருந்து ஒவ்வொரு கையாகச் செலவாகி, 15ஆவது இன்னிங்ஸில் 3-2 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரை எடுத்து, நான் சொன்ன தாளில் நிரப்பிப் பழகு. பயிற்சிக்கு அதைவிட நல்ல ஆட்டம் இல்லை.

டைகர்ஸ் சியாட்டில் வரும்போது டி-மொபைல் பார்க்கில் இடப்பக்க ஃபீல்டை ஒட்டி டிக்கெட் எடு. இரண்டு அணியின் புல்பென்னும் அந்தப் பக்கம்தான். ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்து ஆட்டத்தைவிட அங்கே அதிகம் பார்: யார் எழுகிறார், எத்தனை பந்து எறிகிறார், கூப்பிடாமல் யார் உட்கார்கிறார். அந்த எண்களைத் தாளில் பென்சிலால் எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. இங்கே டிவியில் காட்டமாட்டேன் என்கிறார்கள்.

அன்புடன்,
அம்மா