முன்குறித்தலைத் தலையெழுத்தாக்காதீர்கள்: வேதபாடம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வேதபாட வகுப்பு நடத்தும் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் வாலிபர் கூட்டத் தலைவர்களுக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துகள்.

ரோமர் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்துக்கு வந்ததும் பல வகுப்புகளில் நடப்பது ஒன்றுதான். "எல்லாம் முன்குறித்தபடிதான் நடக்கும் என்றால் நான் எதற்கு ஜெபிக்கணும்?" என்று ஒருவர் கேட்பார். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரியும். "இது பெரிய இரகசியம், மோட்சத்தில் போய்த் தெரிந்துகொள்வோம்" என்று நடத்துபவர் முடித்துவிடுவார். இரகசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தைக்கு வருமுன் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடும்போது, கேள்வி கேட்டவர், இரட்சிப்பைத் தேவன் முன்கூட்டியே நியமிப்பதாகிய முன்குறித்தலும், மனிதன் செய்வதெல்லாம் வீண் என்னும் தலையெழுத்தும் ஒன்றே என்ற முடிவோடு வீட்டுக்குப் போகிறார்.

இதை எழுதும் எங்களுக்குள்ளேயே, இரட்சிக்கப்படுவோரைத் தேவனே தீர்மானிக்கிறார் என்ற கால்வின் பக்கம் நிற்பவரும் உண்டு, மனிதன் கிருபையை ஏற்கவோ மறுக்கவோ முடியும் என்ற வெஸ்லி பக்கம் நிற்பவரும் உண்டு. எந்தப் பக்கம் சரி என்று உங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து தள்ளுபடி செய்த தலையெழுத்துக் கொள்கை உங்கள் வகுப்புகளில் உபதேசமாக நடமாடுகிறது என்பதே எங்கள் முறையீடு.

முதலில் முன்னறிவு. "பேதுரு மறுதலிப்பான் என்று தேவன் அறிந்திருந்தால் பேதுரு மறுதலிப்பது நிச்சயம்." இது சரி. "ஆகவே பேதுருவுக்கு வேறு வழியே இல்லை." இது முதல் வாக்கியத்திலிருந்து வராது. நிச்சயம் என்பது அறிவுக்கும் நடப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. பேதுருவின் நாவை யாரோ பிடித்துத் திருப்பியதைப் பற்றியது அல்ல. இடைக்கால இறையியலார் இந்த இரண்டு வகைக் கட்டாயத்தையும் பிரித்தே பேசினார்கள். அவர்களுக்கு முன்பே, ஆறாம் நூற்றாண்டில் ரோமத் தத்துவஞானி போயேத்தியஸ், தேவன் காலத்துக்குள் நின்று எதிர்காலத்தை எட்டிப் பார்ப்பவர் அல்ல, எல்லாக் காலத்தையும் ஒரே நிகழ்காலமாகக் காண்பவர் என்று விளக்கினார். கரும்பலகையில் அந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதி, நடுவில் உள்ள ஓட்டையைக் காட்டப் பத்து நிமிடம் போதும்.

ஆனால் இதோடு நிறுத்தினால் ஏமாற்று. இந்த விளக்கம் முன்னறிவுக்கு மட்டும்தான் பொருந்தும். தேவன் அறிவதோடு நில்லாமல் தீர்மானிக்கிறார் என்று கற்பிக்கும் சபைகளுக்கு வேறு பதில் வேண்டும், அந்தப் பதில் அவர்களிடம் இருக்கிறது. 1640களில் எழுதப்பட்ட, கால்வின் வழிச் சபைகளின் விசுவாச அறிக்கையான வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையின் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நடப்பதெல்லாம் தேவன் நியமித்தது என்று சொல்லிய அதே மூச்சில், அவர் பாவத்துக்குக் காரணர் அல்ல, சிருஷ்டிகளின் சித்தம் வன்முறைக்கு உட்படுவதில்லை, இரண்டாம் நிலைக் காரணங்களின் (தேவன் பயன்படுத்தும் மனிதர், இயற்கை போன்றவற்றின்) சுயாதீனம் நீக்கப்படுவதில்லை, நிலைநிறுத்தப்படவே செய்கிறது என்கிறது. முதல் பாதியை மட்டும் பிரசங்கித்துவிட்டு அதற்குக் கால்வினியம் என்று பெயர் வைப்பது அந்த அறிக்கைக்கே அநியாயம்.

இரண்டாம் நிலைக் காரணம் என்றால் என்ன என்று வகுப்பு விழித்தால், அப்போஸ்தலர் 27-க்குப் போங்கள். புயலில் கப்பல் தத்தளிக்கிறது. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது, கப்பல் மட்டுமே சேதமாகும் என்று 22-ஆம் வசனத்தில் பவுல் சொல்கிறார். தேவதூதன் கொடுத்த வாக்கு அது. முப்பதாம் வசனத்தில் கப்பலாட்கள், முன்னணியத்திலிருந்து நங்கூரம் போடுவதுபோல் பாவனை செய்து, படகைக் கடலில் இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். வாக்கு இருக்கிறதே என்று பவுல் சும்மா இருக்கவில்லை. இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார். சேவகர்கள் படகின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். முடிவில் 276 பேரும் கரை சேருகிறார்கள். வாக்கும் பொய்யாகவில்லை, எச்சரிப்பும் நாடகமில்லை. கயிறு அறுபடுவதும் கப்பலாட்கள் தங்குவதும் வாக்கு நிறைவேறும் வழியாகவே அமைகின்றன. "எதற்கு ஜெபிக்கணும்?" என்ற கேள்விக்கு இந்த வசனங்களைவிட நல்ல பதில் எங்களுக்குத் தெரியாது.

பார்வோனின் இருதயம் பற்றியும் கேட்பார்கள். யாத்திராகமத்தை வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள். கடினப்படுத்துவேன் என்று கர்த்தர் 4:21-லும் 7:3-லும் முன்னறிவிக்கிறார். ஆனால் வாதைகள் தொடங்கியபின், பார்வோனே தன் இருதயத்தைக் கடினப்படுத்துவது 8:15-லும் 8:32-லும் வந்துவிடுகிறது. கர்த்தர் கடினப்படுத்தினார் என்ற வாக்கியம் முதலில் வருவது 9:12-ல், ஆறாம் வாதையான கொப்புளத்தின்போது. முன்னறிவிப்பை அழுத்துவார் ஒருவர், வரிசையை அழுத்துவார் இன்னொருவர். இரண்டையும் மறைக்காமல் வையுங்கள்.

ரோமர் ஒன்பதைத் தனியே நடத்தவே நடத்தாதீர்கள். ஒன்பது, பத்து, பதினொன்று சேர்த்து 90 வசனங்கள். உரக்க வாசித்தால் ஏறக்குறைய கால் மணி நேரம். குயவனும் களிமண்ணும் வரும் அதிகாரத்தை அடுத்தே, பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்ற கேள்வி வருகிறது. எல்லார்மேலும் இரக்கமாயிருக்கும்படி என்ற 11:32 அதற்கும் பின்னால் வருகிறது. யாக்கோபு, ஏசா பற்றிய பேச்சு இஸ்ரவேலின் நிலைமையைக் குறித்த வாதத்துக்குள் இருப்பதையும் அப்போதுதான் வகுப்பு காணும். எட்டாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை அதற்கு முந்தின வாரமே முடித்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது, எதிர்க்கட்சியை நடத்தும் விதம். கால்வினியத்தை எதிர்த்த டச்சு இறையியலார் ஆர்மீனியஸின் சீடர்கள் 1610-ல் முன்வைத்த ஐந்து கட்டுரைகளில், கிருபையின்றி மனிதன் தன் சித்தத்தின் பலத்தால் மெய்யான நன்மை எதையும் நினைக்கவோ செய்யவோ முடியாது என்று தெளிவாக இருக்கிறது. கிருபையைப் பொறுத்தவரை, அதை எதிர்த்து நிற்க முடியுமா என்பதில்தான் சண்டை. அவர்களை, மனிதன் தன் பலத்தாலேயே நன்மை செய்ய முடியும் என்று போதித்த பெலேஜியஸின் வாரிசு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது சோம்பேறித்தனம். அவர்களுக்குப் பதில் சொன்ன நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய கால்வினியச் சங்கமும் (1618–1619) தன் முடிவுரையில், தெரிந்துகொள்ளுதல் விசுவாசத்துக்குக் காரணமாயிருப்பதைப்போலவே தள்ளிவிடுதல் அவிசுவாசத்துக்குக் காரணம் என்ற போதனை தன்னுடையதல்ல என்று மறுத்தது. தீமைக்கென்று யாரும் முன்குறிக்கப்பட்டார்கள் என்பதை 529-ல் இன்றைய பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கமும் சபித்தது. அதே சங்கம்தான் விசுவாசத்தின் தொடக்கமே கிருபையின் ஈவு என்றும் உறுதிசெய்தது. கத்தோலிக்கர் நடுவே தொமினிக்கரும் இயேசு சபையாரும் இதே பொருளில் மோதியபோது, ரோமில் 1598 முதல் 1607 வரை விசாரணை நடந்தது. இறுதியில் போப் ஐந்தாம் பவுல் எந்தப் பக்கத்தையும் கண்டிக்காமல், ஒருவரை ஒருவர் கண்டிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஒரு மணி நேர வகுப்பில் தீர்ப்பெழுதத் துடிப்பவர்கள் அந்த ஒன்பது ஆண்டுகளைக் கொஞ்சம் நினைக்கட்டும்.

இனி, மிகவும் கவலை தரும் விஷயம். "நான் தெரிந்துகொள்ளப்பட்டவளா என்று எப்படித் தெரியும்?" என்று ஒருவர் உங்களிடம் தனியாக வந்து கேட்பார். அவரைத் தேவனுடைய இரகசியத் தீர்மானத்துக்குள் எட்டிப் பார்க்க அனுப்பாதீர்கள். டார்ட் சங்கமே அதைத் தடுக்கிறது: கிறிஸ்துவின்மேல் விசுவாசம், பாவத்தைக் குறித்த துக்கம், நீதியின்மேல் பசிதாகம் இவையே அடையாளங்கள் என்கிறது, இவற்றை இன்னும் பலமாக உணராதவர்கள்கூட, தள்ளப்பட்டவர்கள் என்ற பேச்சைக் கேட்டுக் கலங்காமல் வசனத்திலும் ஜெபத்திலும் தொடரவேண்டும் என்கிறது. இங்கிலாந்துச் சபையின் 39 கட்டுரைகளில் பதினேழாவது, இதே உபதேசம் பக்தருக்கு இனிய ஆறுதல், வெறும் ஆராய்ச்சிப் புத்தி கொண்டவருக்கு அபாயகரமான படுகுழி என்று எச்சரிக்கிறது. கால்வினும் தன் பெருநூலின் 1559-ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தப் பொருளை முதல் புத்தகத்தில் வைக்கவில்லை. விசுவாசம், மனந்திரும்புதல், ஜெபம் எல்லாம் பேசி முடித்தபின், மூன்றாம் புத்தகத்தின் 21-ஆம் அதிகாரத்தில்தான் தொடங்குகிறார். உங்கள் பாடத்திட்டத்தில் அது முதல் மாதத்திலேயே வருகிறதென்றால் இடம் மாற்றுங்கள். ஞானஸ்நான ஆயத்த வகுப்பில் அறவே வேண்டாம்.

மரண வீட்டில் "இது முன்குறிக்கப்பட்டது" என்று சொல்வதையும் நிறுத்துங்கள். கேட்பவருக்கு அது, தேவன் உன் பிள்ளையை எடுக்கத் திட்டமிட்டார் என்றே கேட்கும். முன்குறித்தலைப் பற்றிப் பவுல் எழுதுவது இரட்சிப்பைக் குறித்து, விபத்துக்கு விளக்கமாக அல்ல.

கடைசியாக ஒரு சிறிய வேண்டுகோள். "இரட்சிப்பில் தேவனுடைய பங்கு எவ்வளவு, மனிதனுடைய பங்கு எவ்வளவு?" என்ற கேள்வி உங்கள் வினாத்தாளில் இருந்தால் நீக்கிவிடுங்கள். அதற்குப் பதிலாகப் பிலிப்பியர் 2:12, 13 இரண்டு வசனங்களையும் கொடுத்து, முதல் வசனத்தின் கட்டளைக்கு இரண்டாம் வசனம் எப்படிக் காரணமாகிறது என்று எழுதச் சொல்லுங்கள். பாதிப் பாதி என்று எழுதுபவருக்கு மதிப்பெண் கொடுக்கவேண்டாம்.

இப்படிக்கு,
இறையியல் கற்பிக்கும் சிலர்