இகுவாசுவுக்குப் போகிற வழியில்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தோம். புவெனோஸ் ஐரெஸ், இகுவாசு அருவி, தெற்கே பனிப்பாறை, அதற்கும் தெற்கே உஷுவாயா. பத்து நாளில் இத்தனையும்! அர்ஜென்டினா பரப்பில் இந்தியாவுக்கு அவ்வளவாகக் குறைந்த நாடு இல்லை. குழந்தையையும் தூக்கிக்கொண்டு இப்படி ஓடினால் விமான நிலையங்களைத்தான் பார்த்துவிட்டு வருவாய். அருவியை விட்டுவிடு என்று சொல்லமாட்டேன், அது பார்க்க வேண்டியதுதான். தெற்கை இன்னொரு முறைக்கு வைத்துக்கொண்டு, அருவி இருக்கும் மிசியோனெஸ் மாகாணத்தை ஒட்டிய கொரியந்தெஸுக்கு ஒரு நாலு நாள் ஒதுக்கு.

அப்பாவும் நானும் அங்கே போயிருந்தபோது "அங்க என்னம்மா இருக்கு?" என்று போனில் கேட்டாய். "தண்ணி இருக்கு" என்று சொல்லிவிட்டேன். இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

கொரியந்தெஸில் இருக்கும் இபெரா என்பது சுமார் 13,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சதுப்பு நிலம். வெளியிலிருந்து பெரிய ஆறு எதுவும் அதற்குள் வருவதில்லை, மழைத் தண்ணீர்தான். நிலம் மட்டமாக இருப்பதால் அந்தத் தண்ணீர் அவசரப்படாமல் தேங்கித் தேங்கி, கடைசியில் பரானா ஆற்றுக்குப் போகிறது. மட்கிய செடிகொடியும் வேரும் பின்னிக் கெட்டிப்பட்டு மிதக்கும் தீவுகளாகிவிடுகின்றன. அதன்மேல் மரம் முளைக்கிறது, மான் நடக்கிறது. காற்றடித்தால் தீவே இடம் மாறும். ஆகாயத்தாமரையும் இருக்கிறது. நம் ஏரிகளை மூடிக்கொண்டு உயிரை வாங்குகிறதே, அதேதான். அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அங்கே அதைத் தின்னப் பூச்சியும் விலங்கும் இருப்பதால் அடக்க ஒடுக்கமாக இருக்கிறது.

நீ தங்க வேண்டிய ஊர் கொலோனியா கார்லோஸ் பெல்லெக்ரினி. புவெனோஸ் ஐரெஸிலிருந்து இரவுப் பேருந்தில் மெர்சேதெஸ் வரை வந்து, அங்கிருந்து 120 கிலோமீட்டர். பெரும்பாலும் மண் சாலைதான், மழை பெய்தால் வண்டி வழுக்கும். சொந்தமாகக் கார் ஓட்டுகிறேன் என்று வீரம் பேசாதே, தங்கும் விடுதிக்காரரையே வண்டி அனுப்பச் சொல். பணத்தையும் மெர்சேதெஸிலேயே எடுத்துக்கொள். மெர்சேதெஸ் பக்கம் சாலையோரத்தில் சிவப்புக் கொடிகள் கட்டியிருப்பார்கள். கவுச்சித்தோ ஹில் என்று ஒரு நாட்டார் சாமி. ஒயினும் சிகரெட்டும் படையல், லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுத்தான் கடப்பார்கள். நம்ம ஊர் முனியப்பனைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. அப்பா கும்பிடே போட்டுவிட்டார்.

படகில் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போ. ஓடைகள் குறுகும் இடத்தில் மோட்டாரை அணைத்துவிட்டுக் கழியால் தள்ளுவார்கள். யாக்கரே முதலைகள் கைக்கெட்டும் தூரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். குழந்தையின் கையை வெளியே விடாதே. காப்பிபாரா என்பது எலி இனத்திலேயே பெரியது, ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரும். ராத்திரியில் ஊருக்குள்ளேயே வந்து புல் மேயும். சதுப்பு மான், கனத்த குரலில் கத்துகிற ஊளைக்குரங்கு, நீளவால் குருவிகள் எல்லாம் உண்டு. ஜாகுவாரை மட்டும் எதிர்பார்க்காதே. அது இருக்கிற இடம் வேறு, சுலபத்தில் கண்ணில் படாது.

ஆனால் அதன் கதையைக் கேட்டுவிட்டுப் போ. அந்த மாகாணத்தில் ஜாகுவார் அற்றுப்போய் எழுபது வருடம் ஆகியிருந்தது. 2021 ஜனவரியில் ஒரு தாயையும் இரண்டு குட்டிகளையும் திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பே 2007இல் பெரிய எறும்புத்தின்னியைக் கொண்டுவந்திருந்தார்கள். நாட்டிலேயே நூறு வருடத்துக்கு மேலாக இல்லாதிருந்த ஒரு மக்காவ் கிளியும் திரும்பியிருக்கிறது. கூண்டில் வளர்ந்த கிளிகளுக்குப் பறக்கவே கற்றுக்கொடுக்க வேண்டியிருந்ததாம்.

இதற்கெல்லாம் அங்கே நிலத்தை வாங்கியவர் டக்ளஸ் டாம்ப்கின்ஸ், 'தி நார்த் ஃபேஸ்' கம்பெனியைத் தொடங்கிய அமெரிக்கர். அவர் வாங்க ஆரம்பித்தபோது, நம்ம தண்ணியைத் திருட வந்திருக்கிறான் என்று ஊரே சந்தேகப்பட்டது. எனக்கு அந்தச் சந்தேகம் நியாயமாகத்தான் படுகிறது. ஒரு பணக்காரர் வந்து அத்தனை நிலத்தை வாங்கினால் யார்தான் நம்புவார்கள்? 2015இல் அவர் இறந்த பிறகு மனைவி கிறிஸ்டின் அந்த நிலத்தை அரசிடம் ஒப்படைத்தார். 2018இல் தேசியப் பூங்கா வந்தது. ஆனாலும் நான் பெரிதாக நினைப்பது உள்ளூர்க்காரர்களைத்தான். முதலைத் தோலுக்கும் காப்பிபாராத் தோலுக்கும் வேட்டையாடிப் பிழைத்தவர்கள். 1983இல் மாகாண அரசு சரணாலயம் அமைத்தபோது அந்த வேட்டைக்காரர்களையே காவலர்களாக வேலைக்கு எடுத்தார்கள். எந்தப் புதருக்குப் பின்னால் எது படுத்திருக்கும் என்று அவர்களை விட யாருக்குத் தெரியும்? எங்கள் படகுக்காரரின் அப்பாவும் அப்படி மாறியவர்தானாம். அதனால் பெரிய நகரத்து ஏஜென்சியில் பதிவு செய்யாதே. உள்ளூர்ப் படகு, உள்ளூர் வழிகாட்டி, உள்ளூர் வீட்டுச் சாப்பாடு. பணம் அவர்கள் கையில் போய்ச் சேரட்டும். விலங்குகள் அங்கே உயிரோடு இருப்பது அந்தப் பணத்தால்தான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மாட்டிறைச்சி ஊர், எனக்கு என்ன கிடைக்கும் என்று பயந்துகொண்டுதான் போனேன். சிப்பா என்னைக் காப்பாற்றியது. மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் முட்டையும் பிசைந்து சுட்ட ரொட்டி, பேருந்து நிலையத்திலேயே கூடையில் வைத்துச் சூடாக விற்பார்கள். ஆத்தூர்க்காரிக்குக் குச்சிக்கிழங்கு மாவின் வாசனை தெரியாதா? நம் சேகோ ஆலைகளுக்குப் போகிற கிழங்கு அந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அதே மாவைத் தட்டையாகக் கல்லில் சுட்டால் எம்பெஜு. இனிப்புக்குப் பப்பாளிக்காயை ஜீராவில் வேகவைத்துக் கொடுப்பார்கள். அப்பா சுருபி என்ற ஆற்று மீனோடு ஐக்கியமாகிவிட்டார். நீ என்ன சாப்பிடுவாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

மாத்தே என்ற இலைத் தேநீரைக் குடிக்கச் சொல்லுவார்கள். ஒரே குடுக்கை, ஒரே உலோகக் குழல், சுற்றி எல்லோரும். எச்சில் பார்க்கிற நானே குடித்தேன், நீயும் குடி. இன்னும் வேண்டுமானால் ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடு. 'கிராசியாஸ்' என்று நன்றி சொன்னால், 'போதும்' என்கிறாய் என்று எடுத்துக்கொண்டு அடுத்த சுற்றில் உன்னை விட்டுவிடுவார்கள். சனிக்கிழமை ராத்திரி எங்காவது அக்கார்டியன் சத்தம் கேட்டால் போய் உட்கார். சமாமே என்கிற அந்த இசையை யுனெஸ்கோ 2020இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வயசானவர்கள்தான் நன்றாக ஆடுகிறார்கள்.

இன்னொரு நாள் கிடைத்தால் மேற்கே கொன்செப்சியோன் பக்கம் போ. அங்கே குதிரை தண்ணீரில் நடந்து படகை இழுக்கும். உன் மகனுக்கு அருவியை விட அதுதான் பிடிக்கும், எழுதி வைத்துக்கொள்.

ஒரே ஒரு கவலை, நீ சொல்லும் டிசம்பர் மாதம். அங்கே அது கோடை, வெயிலோடு கொசுவும் சேர்ந்துகொள்ளும். வறண்ட வருடமானால் தீ வேறு. 2022 தொடக்கத்தில் மாகாணத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எரிந்தது. பள்ளி விடுமுறை என்பது புரிகிறது. ஆனால் ஈஸ்டர் விடுமுறைக்குத் தள்ள முடியுமா என்று மருமகளிடம் கேட்டுப் பார். முடியாது என்றால் நடுப்பகலில் வெளியே போகாதே, குழந்தைக்கு முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள். டிக்கெட் போடும் முன் அப்பாவுக்கு ஒரு போன் பண்ணு, விடுதிக்காரரின் நம்பர் அவரிடம்தான் இருக்கிறது.

அம்மா