வரிசை எண் இல்லாத காத்திருப்பு

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்தை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். உன் பேரன் விஷயம் வந்ததும் "நம்ம பிள்ளை கதையேதான்" என்றாள். முக்கால்வாசி அதே கதைதான். மீதிக் கால்வாசியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று முழுசாகப் பரிசோதிக்கவே ஒன்றரை வருஷம் ஆகும் என்று பிரான்ஸில் உங்கள் ஊர் மையத்திலிருந்து உங்களுக்குக் கடிதம் வந்ததாம். நீயும் நேரில் போய் "நான் பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா மகன், எங்க அப்பா இந்த நாட்டுக்காக இந்தோசீனா வரைக்கும் போனவர்" என்று கத்தினாயாம். சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. கவுண்டரில் இருந்த பெண் என்னடா செய்வாள்? அவள் கையிலா டாக்டர் இருக்கிறார்?

இங்கே நடப்பைச் சொல்கிறேன். மகள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருப்பது உனக்குத் தெரியும். பையனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டான். ஆனால் அடுத்த அறையில் செல்போனில் விளம்பரப் பாட்டு வந்தால் ஓடி வருவான். அதனால் காதில் கோளாறு இல்லை என்று எங்களுக்கே தெரியும். இருந்தாலும் முதலில் காது டெஸ்ட், பிறகுதான் மற்றது. அது முறைதான், குற்றம் சொல்ல மாட்டேன். குற்றம் சொல்வதென்றால் சொந்தக்காரர்களைத்தான் சொல்ல வேண்டும். "இவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினாரு" என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் விடாமல் சொன்னார்கள். செல்போன் கொடுத்ததால்தான் இப்படி ஆனது என்று இன்னொரு கூட்டம். மகள் அழாத நாள் குறைவு.

ஒருவழியாக ஆட்டிசம்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஐசா என்று ஒரு அளவுகோல் இருக்கிறது, இந்தியாவிலேயே உருவாக்கியது. 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 153-ஐத் தாண்டினால் கடுமை. இவன் நடுவில் இருக்கிறான். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் சான்றிதழ், அட்டை எல்லாம். முன்பு அதுவும் கிடையாது. 1995 சட்டத்தில் ஏழு வகை ஊனங்களைத்தான் சொல்லியிருந்தார்கள், ஆட்டிசம் அதில் இல்லை. 2016-இல் வந்த புதுச் சட்டம்தான் 21 வகையாக்கி இதையும் சேர்த்தது. அந்த வகையில் நம் பிள்ளை பத்து வருஷம் முன்னால் பிறந்தவர்களைவிட அதிர்ஷ்டசாலி.

சரி, காகிதம் கையில் வந்தது. அப்புறம்? பேச்சுப் பயிற்சிக்கு ஓர் அரசு மையத்துக்குப் போனோம். எது என்று எழுதவில்லை, அங்கே இருப்பவர்கள் பாவம், நல்லவர்கள். வாரம் ஒரு நாள் என்று ஆரம்பித்தது, 15 நாளுக்கு ஒரு தடவை என்று ஆகி, அந்தத் தெரபிஸ்ட் பெண் வேலையை விட்டுப் போனதும் நின்றே போனது. ஒப்பந்த வேலை, சம்பளமும் குறைச்சல். தனியாரில் கூடக் கிடைத்தால் யார்தான் போக மாட்டார்கள்? பையன் அவளோடு பழகி, மடியில் உட்கார ஆரம்பித்திருந்தான். புதிதாக ஆள் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

இப்போது தனியாரிடம் போகிறோம். முக்கால் மணி நேரத்துக்கு 500 ரூபாய். பேச்சுக்கு ஒருவர், அன்றாடச் செயல் பயிற்சிக்கு (ஓ.டி.) ஒருவர். மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை உண்டு என்கிறார்கள். அதற்கான காகிதங்களை மாப்பிள்ளை சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் சொல்ல வந்த இடம் இதுதான். அந்த அரசு மையத்தில் காத்திருக்கும் பிள்ளைகளின் பெயர் எங்கே இருக்கிறது தெரியுமா? வாசல் மேசையில் இருக்கும் அம்மாவின் நீளமான நோட்டுப் புத்தகத்தில். பெயர், வயது, அப்பா செல் நம்பர். இடம் காலியானால் போன் அடிப்பார். எடுக்காவிட்டால் அடுத்த பெயர். நோட்டு தீர்ந்தால் புது நோட்டு. பழைய நோட்டில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். "வரவங்க வருவாங்க சார், வராதவங்க எங்கயாவது பார்த்துக்குவாங்க" என்றார். மேலே அனுப்பும் கணக்கில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்தோம், எத்தனை பேருக்குப் பரிந்துரைத்தோம் என்றெல்லாம் எழுதுகிறார்களாம். எத்தனை பேர் எத்தனை மாதமாகக் காத்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லையாம்.

ஆக, உன் பேரன் ஒரு பட்டியலில் இருக்கிறான். என் பேரன் காத்திருக்கிறான் என்பதுகூட அரசாங்கத்துக்குத் தெரியாது.

உன் மகள் வருத்தத்தில் இருக்கும்போது இதை அவளிடம் சொல்லாதே, ஆறுதல் சொல்வதுபோலக் குத்துவதாக இருக்கும். ஆனால் நீ யோசித்துப் பார். உங்கள் நாட்டில் எண்ணிக்கை இருப்பதால்தான் சண்டை போட முடிகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியில் சேர்க்கும் கடமையில் பிரான்ஸ் தவறிவிட்டது என்று 2014-இல் ஐரோப்பிய மன்றத்தின் சமூக உரிமைக் குழு சொன்னதே, ஊனமுற்றோர் அமைப்பு ஒன்று புள்ளிவிவரத்தோடு போய் நின்றதால்தானே? உள்நாட்டிலும் உங்கள் கணக்குத் தணிக்கை மன்றம் ஆட்டிசத்துக்கு என்றே தனி ஆய்வு செய்து 2018 ஜனவரியில் அறிக்கை விட்டது. அதற்குப் பிறகுதான், டாக்டர் முடிவு சொல்வதற்கு முன்பே ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பயிற்சிச் செலவை அரசு ஏற்கும் ஏற்பாடு 2019-இல் வந்தது. நீ அனுப்பிய காகிதங்களில் அந்த ஏற்பாட்டை நடத்தும் அமைப்பின் பெயரைப் பார்த்தேன். உன் மகள் அந்த வழியில் விண்ணப்பித்தாளா என்று கேள். பையனுக்கு ஏழு ஆகவில்லை அல்லவா? முழுப் பரிசோதனை முடியட்டும் என்று ஒன்றரை வருஷம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். சந்தேகம் வந்த உடனேயே பயிற்சியைத் தொடங்குங்கள் என்றுதான் உங்கள் நாட்டு மருத்துவ ஆணையமே 2018-இல் எழுதிவைத்திருக்கிறது.

ஊனமுற்றோருக்கான உங்கள் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்த மனுவையும் கவனி. நாலு மாதம் பதில் இல்லையென்றால் மறுத்துவிட்டதாக அர்த்தமாம்! அதுதான் உங்கள் சட்டம். பேசாமல் இருந்தே இல்லை என்று சொல்லும் சாமர்த்தியம் நம் ஊர் அலுவலகங்களுக்குக்கூட வரவில்லை. தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குத் தயாராக இருக்கச் சொல்.

வரிசை ஏன் இப்படி நீள்கிறது என்று கேட்டிருந்தாய். உன் சம்பந்தி தடுப்பூசியைச் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தாய். அதை விட்டுத் தள்ளு. 1998-இல் அப்படி எழுதிய கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. எழுதியவருக்கு டாக்டர் பதிவும் போனது. வரிசை நீள்வதற்கு முதல் காரணம், முன்பு கண்ணில் படாத பிள்ளைகள் இப்போது படுகிறார்கள். அமெரிக்காவில் எட்டு வயதுப் பிள்ளைகளை வைத்து ஒரு கணக்கு எடுக்கிறார்கள். 2000-இல் 150 பேருக்கு ஒருவர் என்றிருந்தது, 2022 கணக்கில் 31 பேருக்கு ஒருவர். வரையறை விரிந்தது, தாய் தகப்பன் விழித்துக்கொண்டார்கள், பள்ளியிலும் கவனிக்கிறார்கள். நம் வகுப்பில் ஒருவன் யாரோடும் பேசாமல் ரயில் நேரம் முழுக்க ஒப்பிப்பானே, ஞாபகம் இருக்கிறதா? கடைசி பெஞ்சில் உட்காரவைத்து அடித்தார்கள். அவனை எந்தக் கணக்கில் யார் எழுதினார்கள்?

ஆனால் அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, வரிசையின் மறுமுனை அடைபட்டுக் கிடப்பது. உங்கள் ஊரிலேயே பார். 20 வயது தாண்டிய ஊனமுற்ற பிள்ளைகளுக்கு வயது வந்தோர் இல்லத்தில் இடம் இல்லையென்றால் குழந்தைகள் இல்லத்திலேயே இருக்கலாம் என்று 1989-இல் சட்டம் போட்டார்கள். நல்ல மனசோடு போட்ட சட்டம்தான், நடுத்தெருவில் விடவா முடியும்? ஆனால் அவன் எழுந்தால்தானே ஆறு வயதுக்காரனுக்கு அந்த இடம்? கடைசியில் பெல்ஜியத்துக்கு அனுப்பினார்கள், ஆயிரக்கணக்கில், செலவு பிரான்ஸ் கொடுத்து. முன்வாசலில் ஆள் போடுவார்கள், பின்வாசலைத் திறக்க மாட்டார்கள். இங்கே பின்வாசல் இருப்பதே அபூர்வம். 18 ஆனால் பெரும்பாலும் பிள்ளை வீட்டோடுதான், தாய் தகப்பன் இருக்கும்வரை.

சட்டமும் திட்டமும் இங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. 2013-லேயே பிறந்தது முதல் 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மத்தியத் திட்டம் வந்துவிட்டது. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, பள்ளிக்கு ஒரு தடவை மருத்துவக் குழு வர வேண்டும். பார்க்க வேண்டிய 30 குறைகளில் ஆட்டிசமும் உண்டு. மாவட்டத்துக்கு ஒன்றாக, குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மையம். தமிழ்நாட்டில் உலக வங்கிக் கடனோடு ஊனமுற்றோருக்கான 'விழுதுகள்' மையங்கள் வேறு வருகின்றன. உத்தண்டி தாண்டி முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது, 2005-இலிருந்து. நம் ஈ.சி.ஆர். ரோட்டின் மேலேயே. கண்டுபிடிக்க வழி செய்கிறார்கள் நண்பா. கண்டுபிடித்த பிறகு வாரம் மூன்று நாள் அந்தப் பிள்ளையோடு தரையில் உட்கார ஆள்தான் இல்லை. பரிசோதனைக் குழு நன்றாக வேலை செய்யச் செய்ய வரிசை இன்னும் நீளும்.

இதில் எல்லைத் தகராறு வேறு. எங்கள் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் முள்ளோடை எல்லையைத் தாண்டினால் வேறு அரசாங்கம், வேறு சலுகை, வேறு மனு. பையன் விலாசத்தை இங்கே மாற்றிவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் புள்ளைக்கு எங்க ஊர்ல கிடைக்கணும் மாமா" என்றார். சரிதான் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நல்ல செய்தி படித்தேன், உனக்கும் உதவும். கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் ஒரே ஆராய்ச்சியைச் செய்திருக்கிறார்கள், 2016-இல் வெளிவந்தது. நிபுணர் இல்லாத சாதாரணப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் தாய் தகப்பன் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அவர்களுக்கே போட்டுக் காட்டி, "இங்கே பிள்ளை உங்களைப் பார்த்தான், நீங்கள் கவனிக்கவில்லை" என்று சொல்லிக்கொடுத்தார்கள். 65 பிள்ளைகள்தான், சின்ன ஆராய்ச்சி. ஆனால் தாய் தகப்பன் பிள்ளைக்கு ஈடுகொடுப்பதும், பிள்ளை தானாக முன்வந்து ஏதாவது ஆரம்பிப்பதும் கூடியிருக்கிறது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. தெருவுக்குத் தெரு ஒரு டீச்சர் இருக்கிறார். ஏற்கனவே தலைக்கு மேல் வேலை அவர்களுக்கு, இதையும் சும்மா ஏற்றக்கூடாது, சம்பளம் கொடுத்து ஏற்ற வேண்டும்.

மகளிடம் சொன்னேன். அவள் வேறு பக்கத்தைக் காட்டினாள். "அம்மாவுக்குப் பயிற்சி குடுத்தாச்சுன்னு எழுதிட்டு, தெரபிஸ்ட் போஸ்ட்டை எடுத்துருவாங்கப்பா. அம்மா சும்மாதானே இருக்கான்னு எல்லாரும் நினைக்கிறாங்க." வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவள் சொல்கிறாள். நான் அதற்கு மேல் பேசவில்லை. இருந்தாலும் அந்த வீடியோ முறையை அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து செய்துபார்க்கிறார்கள். பையன் சோப்புக் குமிழுக்காகக் கையைப் பிடித்து இழுக்கிறான் இப்போது. முன்பு இழுக்க மாட்டான்.

சும்மா இருக்கப் பிடிக்காமல் நானும் ஒரு காரியம் செய்திருக்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு மனு அனுப்பினேன். கேள்வி இவ்வளவுதான்: பேச்சுப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், மூன்று மாதத்துக்கு மேல், ஆறு மாதத்துக்கு மேல், ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருப்பவர்கள் தனித்தனியாக எத்தனை பேர், காலிப் பணியிடம் எத்தனை, எந்தத் தேதியிலிருந்து. 30 நாளில் பதில் வர வேண்டும். "அப்படிப்பட்ட விவரம் பராமரிக்கப்படவில்லை" என்று வரும் என்றுதான் நினைக்கிறேன். அப்படி வந்தால் அதுவே எனக்குப் போதும். அதில் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும், அதை எடுத்துக்கொண்டு மனுநீதி நாளில் கலெக்டரிடம் போகலாம். தெரபி வாசலில் பழக்கமான இன்னும் சில குடும்பங்களும் வருகிறேன் என்கிறார்கள். வாத்தியார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

உன்னால் ஒரு உதவி ஆக வேண்டும். உங்கள் மையம் அனுப்பிய கடிதத்தில் காத்திருக்கும் காலம், வரிசை நிலை எல்லாம் எந்த மாதிரி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பையன் பெயர், விலாசம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. தமிழில் பெயர்த்து மனுவோடு மாதிரியாக வைக்கலாம் என்று யோசனை. பிரெஞ்சு உனக்கே மறந்துபோயிருந்தால் பேத்தியிடம் கேள், எனக்குக் கல்வே பள்ளியில் படித்ததில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது.

உன் வீட்டு மொட்டைமாடி ஒழுகலைக் கொத்தனார் பார்த்துவிட்டுப் போனார். தட்டோடுகளைப் பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டுமாம், ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம் என்கிறார். எவ்வளவு ஆகும் என்று எழுதிவாங்கித் தனியே அனுப்புகிறேன். குடியிருப்பவர் வாடகையை ஒழுங்காகக் கொடுக்கிறார். முழங்கால் ஆபரேஷன் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை, தங்கச்சியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்