நல்லா இருக்கேன்மா

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனிலேயே சொல்லிவிடலாம் என்று நாலு தடவை பார்த்தேன். உன் குரலைக் கேட்டதும் "நல்லா இருக்கேன்மா, சாப்டியா?" என்றுதான் வாயில் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு மனச்சோர்வு நோய். ஐந்து மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது பரவாயில்லை, பயப்படாதே.

ரிட்டயர் ஆன மூன்றாம் மாதம் ஆரம்பித்தது. விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வரும், அதோடு தூக்கம் போச்சு. அம்மா வைக்கிற மீன் குழம்புகூட நாக்கில் ஒட்டவில்லை. ஒருநாள் சவரம் பண்ண முகத்தில் நுரை பூசிவிட்டு, பிரஷ்ஷைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். அம்மா கதவைத் தட்டும்போது நுரை காய்ந்து கன்னத்தை இழுத்துப் பிடித்திருந்தது. "என்ன யோசனை?" என்றாள். ஒரு யோசனையும் இல்லை பாப்பா. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நெஞ்சை அடைக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈசிஜி சரியாக இருந்தது. தைராய்டு கோளாறு, பி12 குறைவு இருந்தாலும் இப்படிச் சோர்வு வருமாம், அதற்கும் ரத்தம் எடுத்தார்கள். அதுவும் சரி. அப்புறம்தான் டாக்டர் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பதினோரு நாள் சுற்றினேன்.

நாம் ராமநாதபுரத்துக்காரர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் போய்ச் சேர்ந்தார்கள். நீ அப்போது சின்னப் பிள்ளை. அதற்கப்புறமும், நீ சேட்டை பண்ணினால் "ஏர்வாடியில கொண்டுபோய் விட்டுடுவேன்" என்று மிரட்டியவன் நான். மனசுக்கு நோய் என்றால் சங்கிலிதான் என்று எனக்குள்ளே அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது.

போய்ப் பார்த்தால், நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசினார்கள், அவ்வளவுதான். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், அதுவரை விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர். முதல் வாரம் ஒரே குமட்டல். நாலாவது வாரம் ஒருநாள் ஐந்தரை வரை தூங்கினேன். அம்மா பால் காய்ச்சிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். சரியானதும் நாமாக மாத்திரையை நிறுத்தக்கூடாதாம். நான் நிறுத்தவில்லை.

இதையெல்லாம் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. காலேஜ் இரண்டாம் வருஷம் ஹாஸ்டலிலிருந்து நீ ராத்திரி கூப்பிட்டாய். "அப்பா, எனக்கு என்னமோ மாதிரி இருக்குப்பா" என்றாய். "படிப்புல கவனத்தை வை, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த மூன்று மணி முழிப்புகளில் எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது அதுதான். என்னை மன்னித்துவிடு தாயி.

மனசு சரியில்லாதவர்கள் கூப்பிட்டுப் பேச 14416 என்று ஓர் எண் இருக்கிறது, அரசாங்கத்தினுடையது. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அம்மா அதைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறாள். நீயும் போனில் போட்டு வைத்துக்கொள்.

ஆனால் முதலில் என்னைக் கூப்பிடு. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, அந்த ராத்திரி உனக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல மனசு வந்தால் சொல். இந்தத் தடவை நான் குறுக்கே பேசமாட்டேன்.

அன்புடன்,
அப்பா