லீவு லெட்டரில் காய்ச்சல் என்றே எழுதுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் மாவட்டத்துக்கு மழை வருஷத்தில் இரண்டு தடவை. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை ஓய்ந்து துணி காய்வதற்குள் ஐப்பசி மழை வந்து நிற்கும். தடிமனும் காய்ச்சலும் கூடவே வரும். சாரல் அடிக்கிறதென்று வகுப்பில் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். ஒரு பிள்ளை இருமினால் அந்தக் காற்றுதான் எல்லோருக்கும்.

அதனால் இந்த மாதம் முதல், வராத பிள்ளையின் பெயருக்கு நேரே காய்ச்சலா, இருமலா, வேறு காரணமா என்று வகுப்பு ஆசிரியர் பென்சிலால் குறித்து வைப்பார். வாரக் கடைசியில் எண்ணிக்கையை மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்வோம். பெயர் போகாது.

போன வாரம் நாலாம் வகுப்பில் திங்கட்கிழமை ஒரு பிள்ளை வரவில்லை. புதன்கிழமை அதே பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் இல்லை. ஃப்ளூ தொற்றினால் 1 முதல் 4 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் மூன்று லெட்டரிலும் 'வீட்டில் விசேஷம்' என்று இருந்தது. என்ன விசேஷம், சாப்பாடு எப்படி என்று பிள்ளைகளிடம் கேட்டபோதுதான் கஞ்சி என்று பதில் வந்தது!

குற்றம் உங்கள் மேல் மட்டும் இல்லை. ஒரு நாள் கூட லீவு போடாதவர்களுக்குப் பரிசு கொடுத்து வந்தது நாங்கள்தான். அந்தப் பரிசை நிறுத்திவிட்டோம்.

இன்னொன்று, காலையில் பாரசிட்டமால் கொடுத்து அனுப்புவது. அது தாங்குவது 4 முதல் 6 மணி நேரம். மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்பே பிள்ளை டெஸ்க்கில் தலை சாய்த்துவிடுகிறது. அதற்குள் பக்கத்துப் பிள்ளைக்கும் தொற்றியிருக்கும். மாத்திரை கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்புங்கள். விட்டுப்போன பாடத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி தொண்டைக்கு இதம், கொடுக்கலாம். போன தடவை மீந்த ஆன்டிபயாட்டிக் வேண்டாம். வைரஸ் காய்ச்சலை அது ஒன்றும் செய்யாது. மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, தண்ணீர் கூடக் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மழை விடட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சந்தேகம் கேட்க 104 என்ற அரசு மருத்துவ உதவி எண் இருக்கிறது.

லெட்டர் எழுத நேரமில்லை என்றால் பத்து மணிக்குள் வகுப்பு ஆசிரியருக்கு ஒரு போன் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்