பொருளாளரின் தாயாருக்குப் படத்திறப்பு

உறுப்பினர்களுக்கு வணக்கம். நம் அம்மாப்பேட்டைத் தெருவில் தறி ஓடாத வீடுகளுக்கு முந்தானையில் மறைத்து அரிசி கொண்டுபோய்க் கொடுத்தவரும், இறந்த 6 மணி நேரத்துக்குள் தம் கண்களைத் தானமாகக் கொடுத்துவிட வேண்டும் என்று மகனிடம் முன்பே சொல்லிவைத்திருந்தவருமான அந்த அம்மாவுக்கு, 16ஆம் நாள் காரியம் முடிந்ததும், வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு வீட்டு வாசலிலேயே படத்திறப்பு நடைபெறும்.

1. மாலைகள் வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டுள்ளனர், உதிரிப்பூ போதும்.

2. அவர் தறியில் அமர்ந்திருக்கும் பழைய படம் யாரிடமோ இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பவும்.

3. மகன் இன்னும் தேறவில்லை. ஆகவே கடைசி நாட்களைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். துக்கம் விசாரிப்பதாக நினைத்து நம்மில் சிலர் அதைத்தான் செய்கிறோம்.

4. மதிய உணவுக்கு எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதைச் சனிக்கிழமை மாலைக்குள் இங்கே பதிவிடவும்.

– செயலாளர்