நல்லதண்ணியிலிருந்து உடவளவைக்கு எத்தனை வளைவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டத்துக்குள் சிறுத்தை வந்தால் நம் பத்திரிகைகளில் ‘மக்கள் பீதி’ என்று தலைப்பு வரும். சுருக்கில் மாட்டினால் ‘சிறுத்தை மீட்பு’. மீட்ட பிறகு அதற்கு என்ன ஆனது என்ற மூன்றாவது செய்தி அநேகமாக வருவதேயில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டப் பகுதியில், மரக்கறிப் பாத்தி ஓரத்துச் சுருக்குக் கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்து மாட்டிக் கிடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். வனஜீவராசிகள் திணைக்கள மருத்துவர்கள் மயக்க ஊசி போட்டு விடுவித்து, தாழ்நாட்டில் இருக்கும் உடவளவையின் விலங்குச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 26ஆம் திகதி மீட்டது, 29ஆம் திகதி இறந்துவிட்டது. மருத்துவர்களைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாதையை நினைத்துப் பாருங்கள். குளிர்மலையில் கிடந்த விலங்கு, கழுத்து வீங்கிய நிலையில், வளைவு வளைவாக இறங்கி உடவளவை வெயிலுக்குப் போகவேண்டும். மலைநாட்டில் மாட்டும் சிறுத்தைகளை ரந்தெனிகலவில் உள்ள சிகிச்சை நிலையத்துக்கும் கொண்டுபோகிறார்கள். அதுவும் பக்கத்தில் இல்லை.

கம்பியில் மாட்டிய விலங்குக்கு வெளியே தெரிகிற வெட்டு பாதிக் காயம்தான். விடுபடத் திமிறத் திமிறத் தசை உள்ளுக்குள் சிதைகிறது. அந்தச் சிதைவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. அறுத்துவிட்டதும் எழுந்து ஓடிய பன்றியோ மரையோ சில நாள் கழித்து மானாப்புல்லுக்குள் செத்துக் கிடந்தால், காரணம் இதுவாகவும் இருக்கலாம். அதனால் முதல் சில மணிநேரம்தான் எல்லாமே. சேலைன் ஏற்றவேண்டும், கண்ணை மூடவேண்டும், சத்தம் இருக்கக்கூடாது. நாமோ அந்த நேரத்தில் சுற்றி நின்று போனைத் தூக்கிப் பிடிக்கிறோம்.

நானும் உத்தமியில்லை. நான் சிறுமியாக இருந்தபோது, ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்த அம்மா, தேயிலைச் செடிக்கடியில் சுருண்டு கிடந்த மான்குட்டி ஒன்றை ‘தாயில்லாப் பிள்ளை’ என்று படங்கில் சுற்றி எங்கள் லயத்து வீட்டுக்குத் தூக்கிவந்தார். பால்மாவைச் சீனி போட்டுக் கரைத்துத் தம்பியின் சூப்பிப் போத்தலில் புகட்டினோம். முதல் நாள் மடமடவென்று குடித்தது. இரண்டாம் நாள் வயிறு ஊதிக் கழியத் தொடங்கியது. மூன்றாம் நாள் விடியும்போது அடுப்படியில் விறைத்துக் கிடந்தது. தம்பி அழுத அழுகை இப்போதும் காதில் இருக்கிறது. தாய் மான் குட்டியை ஒளித்துவைத்துவிட்டு மேயப்போகும், ஆள் அரவம் அடங்கியதும் வந்து கூட்டிப்போகும் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. செடிக்குள் கிடக்கும் சிறுத்தைக் குட்டிகளுக்கும் இதே கதைதான். விலகி நின்றால் பெரும்பாலும் தாய் வரும். நாங்கள் தூக்காமல் விட்டிருந்தால் அந்தக் குட்டி பிழைத்திருக்கலாம்.

அன்று கேட்க ஒருவர் இருந்திருந்தால் கேட்டிருப்போம். இன்று வனஜீவராசிகள் திணைக்களத்தை அழைக்க 1992 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. இருந்தும் எங்கள் ஆட்கள் அழைக்கத் தயங்குகிறார்கள். காரணம் பயம். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் விவரம் தெரியாதவர்களுக்கும் பொலிஸ் ஜீப் தெரியும். ‘கம்பி வைத்தவன் யார்?’ என்று கேட்டால் முதலில் பார்த்துச் சொன்னவன்தான் மாட்டுவான் என்று நினைக்கிறார்கள். நினைப்பது சரியா தவறா என்பது வேறு விஷயம், விலங்கு அதுவரை கம்பியில் தொங்குகிறது.

அதனால்தான் மலையகத்துக்கு இலாப நோக்கற்ற ஒரு காட்டுவிலங்கு மருத்துவமனை வேண்டும் என்கிறேன். திணைக்களத்தின் அனுமதியோடும் அதன் மருத்துவர்களின் மேற்பார்வையோடும் நடக்கட்டும். ஆனால் அங்கே போனை எடுப்பவர் தமிழில் பேசவேண்டும், எங்கே கிடக்கிறது என்று மட்டும் கேட்கவேண்டும். இது ஆகாத காரியமில்லை. அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் 1982இல் பழைய குதிரை லாயத்தில் தொடங்கிய இப்படியொரு மருத்துவமனை இன்றும் நன்கொடையில் நடக்கிறது. அங்கே வந்த கழுகுகளின் இரத்தத்தைச் சோதித்து, வேட்டைக்காரர்களின் தோட்டாவிலுள்ள ஈயம் இரையோடு பறவைகளுக்குள் போவதை எடுத்துக்காட்டினார்கள். நம் மருத்துவமனையின் பதிவேட்டில் எந்தத் தோட்டம், எந்த மலை என்று எழுதிவந்தாலே கம்பி எங்கே கட்டப்படுகிறது என்று ஓராண்டில் தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் கறாராக இருக்கவேண்டும். அது மிருகக்காட்சிசாலையாக மாறிவிடக்கூடாது. 1995இல் தொடங்கிய உடவளவை யானைக்குட்டிகள் இல்லத்தில் பால் கொடுப்பதைத் தள்ளி நின்றுதான் பார்க்கலாம், தொட விடமாட்டார்கள். மனித வாடைக்குப் பழகிய குட்டி காட்டுக்குத் திரும்பிப் பிழைப்பது கடினம். டிக்கெட், செல்ஃபி, பெயர் சூட்டு விழா எதுவும் இங்கே வேண்டாம். (அமைச்சர்களை அழைத்தால் மூன்றும் வந்துவிடும்.)

எங்கள் தோட்ட டிவிஷனில், வேலைக்குப் போவோரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவம் புதிதாகக் கட்டியபின் பழையது பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர் வருகிறது, லொறி வாசல்வரை வரும். தோட்டத்து மாடுகளுக்கு ஊசி போட்டு ஓய்வுபெற்ற ஒருவரும் பக்கத்து லயத்தில் இருக்கிறார். நிர்வாகத்திடம் கேட்டுப் பார்க்க நானே போவேன். யாராவது கூட வருவதானால் சொல்லுங்கள். கூரைத் தகரம் நாலைந்து மாற்றவேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மஸ்கெலியா